பிரம்பைத் திரும்பக் கேட்பவர்களுக்கு

மாணவன் ஒருவன் ஆசிரியரை ஒருமையில் பேசும் காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கினால், அதன் கீழே என்ன எழுதப்படும் என்பது நமக்கு முன்பே தெரியும். "ஆசிரியர் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கினீர்கள், இப்போது அனுபவியுங்கள்." "எங்களை அடித்துத்தான் வளர்த்தார்கள், நாங்கள் என்ன கெட்டா போய்விட்டோம்?" "டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்." தேநீர்க் கடையிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இதே குரல்தான். 2022 ஏப்ரலில் வட மாவட்டப் பள்ளிகளிலிருந்து இப்படிப்பட்ட காணொளிகள் அடுத்தடுத்து வந்தன. வேலூரில் மாணவர்கள் பெஞ்சுகளை உடைத்தார்கள். ஆம்பூர் அருகே மாதனூரில் ஒரு மாணவன் ஆசிரியரை அடிக்கக் கை ஓங்கினான். அடுத்த மாதமே பள்ளிக் கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார்: இவ்வாறு நடந்துகொள்ளும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், நீக்கத்துக்கான காரணம் டி.சி. என்னும் மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும். பலரும் அதை வரவேற்றார்கள்.

பிரம்பும் டி.சி.யும்தான் தீர்வு என்ற இந்தக் கருத்து தவறு என்பதோடு நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன். இது ஆபத்தானது. ஒரு பள்ளியில் நடக்கப்போகும் வன்முறையை முன்கூட்டியே அறிவதற்கு நமக்கு இருப்பது ஒரே வழி, பிள்ளைகள் வாய் திறந்து பெரியவர்களிடம் சொல்வது. பிரம்பும் டி.சி.யும் முதலில் அடைப்பது அந்த வழியைத்தான்.

ஆசிரியர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பது, அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்பில் கடைசி வரிசைச் சத்தத்தைத் தாண்டிப் பாடம் நடத்துவது எவ்வளவு கடினம் என்று வகுப்புக்குள் போகாதவர்களுக்குத் தெரியாது. பாடத்துக்கு நடுவே கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும், தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், முதன்மைக் கல்வி அலுவலரின் (சி.இ.ஓ.) அலுவலகம் கேட்கும் புள்ளிவிவரத்தை மாலைக்குள் அனுப்ப வேண்டும். ஒரு பையன் எல்லை மீறும்போது உதவிக்குக் கூப்பிட ஆள் கிடையாது. "அடிக்காதே" என்று சொன்ன அரசு, "அதற்குப் பதிலாக இதைச் செய்" என்று முறையாகப் பயிற்சி கொடுக்கவில்லை. இந்தக் குறை முழுக்க உண்மை. ஆனால் இந்தக் குறையிலிருந்து பிரம்புக்கு வழி போகவில்லை.

"அந்தக் காலத்தில் அடித்தார்கள், ஒழுக்கம் இருந்தது" என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆவது விதி 2003இல் திருத்தப்படும் வரை பள்ளியில் உடல் தண்டனைக்கு இடம் இருந்தது. அதாவது, 1990களில் தென் மாவட்டங்களில் நடந்த சாதி மோதல்களில் அரிவாளோடு தெருவுக்கு வந்த இளைஞர்களில் பள்ளிக்குப் போனவர்கள் அத்தனை பேரும் பிரம்பு செல்லுபடியான வகுப்பறைகளில் உட்கார்ந்தவர்கள். அடி அவர்களுக்கு எந்த ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுத்தது? வலுத்தவன் இளைத்தவனை அடிக்கலாம், அடிபட்டவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே ஊரில் தெரிந்த பாடம். பள்ளி அதை உறுதிசெய்தது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து வகுப்புகள் அமைதியாக இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. அடி தாங்காதவன் நின்றுவிட்டான். ஆடு மேய்க்கவும் பீடி சுற்றவும் சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆலைக்கும் போய்விட்டான். அவன் போனதை யாரும் வன்முறை என்று கணக்கில் எழுதவில்லை. "எங்களை அடித்துத்தான் வளர்த்தார்கள்" என்று இன்று சொல்பவர்கள் கடைசிவரை தாக்குப்பிடித்துப் படித்து வேலைக்கு வந்தவர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பெஞ்சுத் தோழன் இந்த விவாதத்துக்கு வருவதே இல்லை. இன்று அவனுடைய மகனும் மகளும் பத்தாம் வகுப்பு வரை, பிளஸ் டூ வரை நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய விஷயம் இது. அவர்கள் வீட்டின் கடனும் குடியும் தெருவின் சாதியும் அவர்களோடு சேர்ந்தே வகுப்புக்குள் வருகின்றன. சத்தம் கூடியிருக்கிறது என்றால், முன்பு வெளியே தள்ளப்பட்டவர்கள் இப்போது உள்ளே இருக்கிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

"சட்டம் வந்து கையைக் கட்டிப்போட்டது" என்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு 2010 ஏப்ரல் முதல் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. ஆனால் தடை வந்ததும் அடி நின்றுவிட்டதா? அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2007இல், மத்திய அரசின் பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளில் மூவரில் இருவர் அடி வாங்குவதாகச் சொன்னார்கள். பழக்கம் அவ்வளவு ஆழத்தில் இருந்தது. 2024இல்கூட, உடல் தண்டனைத் தடையைப் பள்ளிகளில் முறையாக நடைமுறைப்படுத்துங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அடி நின்றதால் பிள்ளைகள் கெட்டார்கள் என்று சொல்வதற்கு, முதலில் அடி நின்றிருக்க வேண்டும்.

அடி திருத்துகிறதா என்பதை உலகம் நெடுங்காலமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன் கேலர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வீட்டில் பெற்றோரிடம் அடி வாங்கும் 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி ஐம்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்டார்கள். அடி வாங்கிய குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கலும் கூடுதலாகத் தெரிந்தன. நல்லொழுக்கம் கூடியதாகத் தெரியவில்லை. "அடியாத மாடு படியாது" என்பதற்கு எதிரான சான்று இதைவிடப் பெரிதாக என்ன வேண்டும்?

அடி வேண்டாம், டி.சி. கொடுத்துவிடலாம் என்பவர்கள் தங்களை மென்மையானவர்களாக நினைக்கிறார்கள். எனக்கு அது இன்னும் கொடுமையாகப் படுகிறது. எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து சட்டம் அப்படித் தடுக்கவில்லை என்பதற்காக, நீக்குவது சரியாகிவிடுமா? சான்றிதழில் "ஆசிரியரிடம் தவறாக நடந்துகொண்டதால் நீக்கப்பட்டார்" என்று எழுதப்பட்ட பதினைந்து வயதுப் பையனை எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? அவன் பகல் முழுவதும் யாரோடு இருப்பான்? மனத்தில் ஒரு பகையோடு, கேட்க எந்தப் பெரியவரும் இல்லாமல், பள்ளி வாசலுக்கு எதிரே பைக்கில் உட்கார்ந்திருக்கும் அவன் உள்ளே இருந்ததைவிடக் குறைந்த ஆபத்தா?

அமெரிக்கா இந்த வழியில் நம்மைவிட நெடுந்தூரம் போய்ப் பார்த்துவிட்டது. சிறு மீறலையும் பொறுப்பதில்லை என்ற கொள்கையை அங்கே பள்ளிகள் 1990களில் கையில் எடுத்தன. அதனால் பள்ளிகள் பாதுகாப்பாக ஆனதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2008இல் அறிவித்தது. டெக்சஸ் மாநிலத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் வந்தது. அவர்களில் பத்தில் ஆறு பேர் பன்னிரண்டாம் வகுப்புக்குள் ஒருமுறையாவது இடைநீக்கமோ நீக்கமோ செய்யப்பட்டிருந்தார்கள். அந்த நடவடிக்கைகளில் சட்டம் கட்டாயமாகக் கேட்டவை வெறும் 3 சதவீதம். மற்றதெல்லாம் பள்ளி தானாக எடுத்த முடிவு. அப்படிப் பள்ளி தானாக முடிவெடுத்து வெளியே அனுப்பிய மாணவன், அடுத்த ஆண்டே சிறார் நீதி அமைப்பிடம் போய்ச் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அவர்கள் போய்ப் பலன் காணாத வழியை நாம் புதிதாகப் பிடிக்க வேண்டியதில்லை.

இப்போது கடினமான கேள்வி. "ஆசிரியரின் உயிருக்கு யார் பொறுப்பு?" 2012 பிப்ரவரியில் சென்னை பாரிமுனைப் பகுதியில் ஒரு தனியார் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அதை நினைக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது. அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பிரம்பு கையில் இருந்திருந்தால் அந்தக் கத்தியைத் தடுத்திருக்கும் என்று நம்புகிறவர், தாக்குதல் எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க மறுக்கிறார்.

அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் சீக்ரெட் சர்வீஸ், அந்நாட்டுக் கல்வித் துறையோடு சேர்ந்து, 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2002இல் அறிக்கை தந்தது. தாக்கியவர்களுக்கென்று ஒரே மாதிரியான அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. நன்றாகப் படித்தவனும் இருந்தான், படிக்காதவனும் இருந்தான். கிடைத்த முக்கியமான உண்மை வேறு: 81 சதவீதத் தாக்குதல்களில், இப்படி ஒன்று நடக்கப்போகிறது என்று குறைந்தது இன்னொருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. பெரும்பாலும் அது ஒரு நண்பன், சக மாணவன், கூடப் பிறந்தவன். தெரிந்தவர்களில் சிலர் ஏன் பெரியவர்களிடம் சொன்னார்கள், சிலர் ஏன் சொல்லவில்லை என்று 2008இல் இன்னோர் ஆய்வு கேட்டது. சொன்னால் நமக்கே வம்பு வரும் என்று நினைத்தவர்கள் சொல்லவில்லை. பள்ளியில் நம்பிக்கையான ஒரு பெரியவர் இருந்தவர்கள் சொன்னார்கள்.

நம் வகுப்பறைக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். "சார், அவன் பையில கத்தி வச்சிருக்கான்" என்று வந்து சொல்லும் பையனுக்கு என்ன நடக்கும்? "நீயும் அவன்கூடத்தானே சுத்துறே" என்று அவனுக்கும் சேர்த்து விழும். அல்லது அவன் பெயரைச் சொல்லியே விசாரணை நடக்கும். மாலையில் பேருந்து நிறுத்தத்தில் அவன் அடிபடுவான். அடுத்த முறை அவன் சொல்ல மாட்டான். பயத்தால் ஆளப்படும் பள்ளியில் கடைசியாகச் செய்தி தெரிகிற ஆள் தலைமையாசிரியர்தான். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் புத்தகப் பையில் அரிவாளைக் கொண்டுவந்து சக மாணவனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியையும் காயப்பட்டார். பென்சிலுக்காக வெட்டினான் என்று தலைப்புச் செய்தி வந்தது. பென்சிலில் தொடங்கிய மனத்தாங்கல் அரிவாள்வரை வளரும்போது கூட இருந்த பிள்ளைகள் எதையும் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? தினமும் பையைச் சோதிக்கலாம் என்கிறார்கள். சோதிக்கிற நாளில் ஒருவேளை அரிவாள் அகப்படும். அது பைக்குள் வருவதற்கு முந்தைய வாரங்களைப் பற்றிப் பை எதுவும் சொல்லாது.

நாங்குநேரியைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2023 ஆகஸ்ட் 9 இரவு, பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவனை அவன் பள்ளியில் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அந்த மாணவன் வாய் திறக்காமல் இருந்தவன் அல்லன். தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வராமல் நின்றான்; காரணம் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். சொன்னது பள்ளியின் காதுக்குப் போன பிறகுதான் அரிவாள் அவன் வீட்டுக்கு வந்தது. நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த இடைப்பட்ட நேரத்தைத்தான். ஒரு மாணவன் இன்னார் என்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று சொன்ன அந்த நிமிடத்திலிருந்து அவனுடைய பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? அவன் எந்தப் பேருந்தில், யாரோடு வீட்டுக்குப் போகிறான்? புகார் கொடுத்தது அவன்தான் என்று எதிர்த் தரப்புக்கு யார் வழியாகத் தெரியவருகிறது? பெற்றோரிடம் யார் பேசுகிறார்கள், காவல் நிலையத்துக்கு யார் சொல்கிறார்கள்? இவற்றுக்கு விடை எழுதிவைத்த தாள் ஒன்று நம் பள்ளிகளில் எத்தனை தலைமையாசிரியர்களின் மேசையில் இருக்கிறது? அன்று அந்தப் பள்ளியில் நூறு பிரம்புகள் இருந்திருந்தாலும் அந்தத் தாளின் வேலையை அவை செய்திருக்காது. துன்புறுத்தியவர்களைக் கூப்பிட்டு நாலு அடி கொடுத்து அனுப்பியிருந்தால் அன்றைய இரவு இன்னும் மோசமாகியிருக்கவும் கூடும்.

அந்தத் தாக்குதலுக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது பற்றிய பரிந்துரை ஊடகத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. அதைச் சுற்றியே சண்டையும் நடந்தது. அதே அறிக்கை, 500 பேருக்கு மேல் படிக்கும் ஒவ்வோர் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றும் சொல்கிறது. துன்புறுத்தல், போதைப் பொருள், சாதிப் பாகுபாடு ஆகியவற்றைக் கண்காணிப்பதற்கென்றே ஓர் ஆள். என் பார்வையில் அந்த அறிக்கையின் உயிர் அந்த வரியில் இருக்கிறது. கயிறு விவாதத்தில் அது காணாமல் போனது.

அலுவலர் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளியில் நடக்கும் சண்டைகளை ஒரு மாதம் தேதி, நேரம், இடம், அதற்கு முன்னால் நடந்தது, பின்னால் நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கட்டும். மதிய உணவு வரிசை, கழிப்பறைப் பின்புறம், கடைசி மணி அடித்த பின் முதல் கால் மணி நேரம், பேருந்து நிறுத்தம் என்று ஒரே இடங்கள் திரும்பத் திரும்ப வரும். அங்கே ஒரு பெரியவர் நின்றாலே சண்டைகள் குறையக்கூடும். தனிப் பையனைப் பற்றி எழுதினாலும் இப்படித்தான். ஒருவன் தமிழ்ப் பாடவேளையில் மட்டும், அதுவும் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லும்போது மட்டும் கலாட்டா செய்கிறான் என்று தெரியவந்தால், அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாமல் இருக்கக்கூடும். எட்டாம் வகுப்புக்கு வந்தும் வாசிக்கத் தெரியாததை நாற்பது பேர் முன்னால் காட்டுவதைவிட, திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்குவது அவனுக்கு எளிது. வெளியே நிற்க வைக்கிறோம். அவன் வேண்டியதும் அதுவே. அது கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, உதவி கேட்கலாம். இன்னொருவன் கடைசிப் பாடவேளையில் எரிந்து விழுகிறான். வாயில் கூல் லிப் என்ற புகையிலையை அடக்கியிருக்கிறான். அவனுக்குச் சிகிச்சையும், பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்ற சட்டத்தை மீறும் கடை மேல் நடவடிக்கையும் வேண்டும். பிரம்பு இவர்கள் இருவரையும் ஒரே பையனாக்கிவிடும்.

அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. பையன் எழுந்து நின்று கத்துகிறான், வகுப்பே பார்க்கிறது. அவனுக்கும் ஆசிரியருக்கும் நடுவே இப்போது இருப்பது மானப் பிரச்சினை. கையைப் பிடிப்பது, சட்டையைப் பிடிப்பது, எல்லோர் முன்னாலும் செல்போனைப் பறிப்பது, அப்பாவைப் பற்றிப் பேசுவது, இந்த நான்கும்தான் பேச்சைக் கைகலப்பாக மாற்றுகின்றன. இரண்டு அடி பின்னால் போக வேண்டும். குரலைத் தாழ்த்த வேண்டும். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்கலாம். "இப்ப உட்கார், மணி அடிச்சதும் நாம ரெண்டு பேரும் பேசலாம், இல்லன்னா தண்ணி குடிச்சிட்டு வா" என்று மானத்தோடு இறங்கி வர அவனுக்கு வழி கொடுக்க வேண்டும். பொறுப்பான ஒரு மாணவரைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் அனுப்ப வேண்டும். அடங்கவில்லை, கையில் ஆயுதம் இருக்கிறது என்றால் வெளியே போக வேண்டியது மற்ற பிள்ளைகள். அவனை மடக்குவது காவல் துறையின் வேலை. இதைச் செய்கிற ஆசிரியரைக் கோழை என்று ஓய்வறையில் யாரும் சொல்லக் கூடாது. இது கற்றுக்கொண்டு, செய்துபார்த்து வர வேண்டிய தொழில் திறமை. பி.எட். படிப்பில் இதைப் பாத்திரம் ஏற்றுப் பழகுவதற்குச் சில நாட்களாவது ஒதுக்க வேண்டும்.

விளைவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெஞ்சை உடைத்தவன் அதைப் பழுதுபார்க்கும் வேலையில் நிற்கட்டும். ஆசிரியரை இழிவாகப் பேசியவன், கோபம் தணிந்த பிறகு, அவர் எதிரே உட்கார்ந்து அவர் சொல்வதை முழுக்கக் கேட்கட்டும். அடி வாங்கிக்கொண்டு தோழர்கள் முன்னால் சிரித்தபடி வெளியே போவதைவிட அது கடினமானது. குற்றம் செய்தவன் மேல் சிறார் நீதிச் சட்டப்படி வழக்குப் போடட்டும். சாதியின் பெயரால் தாக்கியவர்களுக்கு எந்தச் சலுகையையும் நான் கேட்கவில்லை. அடிபட்டவனின் பாதுகாப்பு முதலில், மற்றதெல்லாம் பிறகு.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் போகும்போது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்துவிடுங்கள் சார்" என்று சொல்வதற்குப் பதில் நான்கு கேள்விகள் கேட்கட்டும். என் பிள்ளை துன்புறுத்தப்பட்டால் இந்தப் பள்ளியில் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவர் பெயர் என்ன? சொன்னவன் யார் என்பது வெளியே கசியாமல் இருக்க என்ன ஏற்பாடு? சொன்ன அன்று மாலை என் பிள்ளை எப்படி வீடு வந்து சேருவான்? மாணவர்கள் குறைகளை எழுதிப் போடும் மாணவர் மனசுப் பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வரட்டும்.